சோதனைப் பட்டியலின் பதின்மூன்றாவது வரி

போன மாதம் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் மாணவிகளோடு பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு பெண் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். அவள் எழுதிய புரோகிராமைத் திரையில் ஓட்டிக் காட்டினாள். வெட்டும் டூல் எந்த இடத்தில் இரும்பில் மோதுமோ அந்த இடம் சிவப்பாக மாறியது.

"உங்க காலத்துல இது இல்லாம எப்படி மேடம் செக் பண்ணீங்க?"

"ஒரு பட்டியல் வெச்சிருந்தேன். பதிமூணு வரி."

"எடுத்ததுமே பதிமூணு யோசிச்சுட்டீங்களா?"

"இல்ல. பன்னெண்டுதான் யோசிச்சேன்."

அதற்குள் வடலூர் பஸ் வந்துவிட்டது என்று காவலாளி வந்து சொன்னார். மீதியைச் சொல்லாமலே கிளம்பினேன். அந்தப் பெண்ணுக்காகவும், அவளைப் போல் கேட்கக்கூடிய மற்றவர்களுக்காகவும் அதை எழுதி வைக்கிறேன்.

என் அப்பா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் நெய்வேலி குவார்ட்டர்ஸில். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். அதன் பிறகு பெங்களூரில் ஆறு வாரம் சி.என்.சி. பயிற்சி. படிப்புக் கதை இவ்வளவுதான்.

எண்பதுகளின் பிற்பகுதியில், டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்க இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தனியார் பணிமனை, கணினிக் கட்டளைப்படி தானே கடையும் சி.என்.சி. லேத் ஒன்றை வாங்கியது. அங்கே கை லேத்தில் கடைந்துகொண்டிருந்த டர்னர்களுக்குப் புரோகிராம் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ஓராண்டு தகுதிகாண் காலம், அதன் பிறகு பர்மனென்ட் என்ற நிபந்தனையோடு என்னை எடுத்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது.

கற்றுக்கொள்ள வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மரியதாஸ். கடலூர் முதுநகர்க்காரர், நாற்பத்தாறு வயது, அதில் பாதிக்கு மேல் லேத்தின் முன்னால் நின்றே கழித்தவர். மற்றவர் கலியபெருமாள். கம்மாபுரம் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் ஓயாதவர். இருவரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் என்னை மேடம் என்பார்கள். கலியபெருமாள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்.

முதல் நாள் கரும்பலகையில் கட்டளைக் குறியீடுகளை எழுதினேன். G00, G01, M03, M08.

"ஏன் மேடம், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா இருக்குது. இந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாதா?" என்றார் கலியபெருமாள்.

"தெரியாது அண்ணே. இங்கிலீஷும் தெரியாது. இந்த இருபது முப்பது வார்த்தைதான் தெரியும்."

"அப்ப எங்க வூட்டு மாடு தேவலாம். அதுக்கு ஐம்பது வார்த்தை தெரியும்."

மரியதாஸ் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து நான்கு குறியீடுகளையும் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாளே கரும்பலகையை விட்டுவிட்டேன். தரையில் சுண்ணக்கட்டியால் பெரிய சதுரங்கள் போட்டு, ஒரு முனையில் நாற்காலியை வைத்தேன். நாற்காலிதான் சக், தண்டைப் பிடித்துச் சுற்றும் பகுதி. கலியபெருமாள் டூல். மரியதாஸ் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். G00 என்றால் ஓடு. வெட்டாதே, போய்ச் சேர். G01 என்றால் நடந்து போ, போகும்போது வெட்டு. M03 என்றால் நாற்காலி சுற்றும். M08 என்றால் சூடு தணிக்கும் கூலன்ட் ஊற்றும். ஒரு தடவை மரியதாஸ் G01 என்று சொல்ல வேண்டிய இடத்தில் G00 என்று சொல்லிவிட்டார். கலியபெருமாள் பாய்ந்து போய் நாற்காலியோடு விழுந்தார். எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டே, "டூல் ஒடஞ்சி போச்சு, வேற டூல் கொண்டாங்க" என்றார். அந்த வித்தியாசத்தை இருவரும் அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

பழைய பழக்கத்தை மறக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கை லேத்தில் டூலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் தண்டின் விட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறையும். இரண்டு பக்கமும் வெட்டுப்படுகிறதே, அதனால். ஆகவே டர்னர் எந்த எண்ணைப் பார்த்தாலும் மனசுக்குள் பாதியாக்கிக்கொள்வார். விட்டத்தில் நாலு குறைக்க வேண்டுமா, கைச்சக்கரத்தில் இரண்டு. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே செய்துவிடும். எங்கள் புது இயந்திரத்தில் வழக்கம் வேறு. X என்று எழுதினால் அது முழு விட்டம். பாதியாக்கும் வேலையை இயந்திரமே செய்துகொள்ளும்.

இதை மரியதாஸ் என்னிடம் மூன்று முறை சரியாக ஒப்பித்தார். ஆனால் ஒரு தண்டு அளவுக்கு மேல் எட்டுப் புள்ளி, அதாவது மில்லிமீட்டரில் நூறில் எட்டுப் பங்கு, கூடுதலாக வந்தபோது திருத்தத்தில் நான்கு புள்ளிதான் போட்டார். அடுத்த தண்டு நான்கு கூடுதலாக வந்தது. இரண்டு போட்டார். அடுத்தது இரண்டு கூடுதல்.

"மெஷின் சோம்பேறிங்க மேடம். சொன்னதுல பாதிதான் செய்யுது" என்றார்.

"நீங்க பாதிதான் சொல்றீங்க அண்ணே."

ஒரு நிமிடம் தன் கையைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அன்று மாலை ஒரு அட்டையில் சிவப்பு மையில் எழுதி, இயந்திரத்தின் விசைப் பலகைக்கு மேலே ஒட்டினேன்: "பாதி போடாதீர்கள். தாளில் இருக்கும் எண்ணை அப்படியே போடுங்கள்." அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மரியதாஸ் பொத்தானைத் தொடும் முன் அந்த அட்டையை வாய்க்குள் படிப்பதைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் தவறு நின்றுவிட்டது. எனக்கு அந்த அட்டையின் மேல் பெருமையாகவே இருந்தது.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் பள்ளி நாளிலிருந்தே உண்டு. புரோகிராம் எழுதிய தாளைச் சரிபார்க்கவும் ஒரு பட்டியல் போட்டேன். எல்லா வரிக்கும் எண் இருக்கிறதா, டூல் எண் சரியா, சக் சுற்றும் திசை சரியா, வேகம் எழுதியிருக்கிறதா என்று பன்னிரண்டு வரி. இயக்குபவர் தாளை எழுதுவார். நான் பன்னிரண்டு வரிக்கும் டிக் போட்டுக் கடைசியில் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் இயந்திரத்துக்குப் போகாது. அதன் பிறகு சக்கில் எதுவும் மாட்டாமல் வெறுமனே ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் தண்டை மாட்டி, வேகத்தைக் கால் பங்காகக் குறைத்து, ஒரு கையைச் சிவப்புப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக ஓட்ட வேண்டும்.

இந்த நடைமுறைக்கு ஒப்புதல் கொடுத்தவர் எங்கள் பணிமனைப் பொறுப்பாளர் ராமநாதன் சார். காரைக்குடிக்காரர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏதாவது உடைந்தது என்று தெரிந்தால் மெதுவாக நடந்து வருவார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். சுற்றும் இயந்திரத்தில் வார் மாட்டக்கூடாது என்பது ஒரு காரணம். அவசரம் இல்லை என்று எங்களுக்குச் சொல்வதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிறகு எப்போதும் அதே மூன்று கேள்வி. என்ன செய்ய நினைச்சீங்க? மெஷின் என்ன செஞ்சுது? ரெண்டுக்கும் நடுவுல என்ன இருந்துச்சு? யார் செய்தது என்று அவர் கேட்டதே இல்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் கடிகாரம் மறுபடி கைக்குப் போகும்.

என் தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் இருந்தபோது பழைய கை லேத்களை ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தார்கள். முதலில் போனது மரியதாஸின் லேத். லாரியில் ஏற்றும்போது அவர் பக்கத்தில் நின்று கட்டுக் கயிறு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"இனிமே எனக்கு இந்த மெஷின்தாங்க மேடம்" என்றார். அவர் பெரிய மகள் அப்போது நர்சிங் சேர்ந்திருந்தாள்.

அந்த வாரம் அவர் முதல் முறையாக, நான் உதவாமல், தானே ஒரு புரோகிராம் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. அது சரியாக ஓடினால் அவரை அந்த இயந்திரத்தின் ஆபரேட்டராக எழுதிக்கொள்வார்கள். கன்வேயர் உருளை ஒன்றின் தண்டில் ஒரு பள்ளம் வெட்டும் வேலை. டிராயிங் பழையது. யாரோ முன்பு, உடைந்த தண்டை அளந்து வரைந்தது. தண்டின் மேல் பாதியை மட்டும் வரைந்து, நடுக்கோட்டிலிருந்து அளவு கொடுத்திருந்தார்கள். தண்டின் விளிம்பு 42. பள்ளத்தின் அடி 38. முழு விட்டம் என்றால் அவை 84, 76.

மரியதாஸ் தாளை எழுதிக் கொண்டுவந்தார். அச்சடித்தது போல இருந்தது. டூல் வேகமாக வந்து தண்டுக்கு அருகே நிற்க வேண்டிய இடம் X44. பிறகு மெதுவாக வெட்டிக்கொண்டு X38 வரை. நான் பன்னிரண்டு வரியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பன்னிரண்டு டிக். கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு தப்புகூட இல்ல அண்ணே."

"பத்து தடவ எழுதிப் பாத்தேங்க."

சக்கில் எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். டூல் வந்தது, நின்றது, நகர்ந்தது, திரும்பியது. வெற்றிடத்தில் எல்லா எண்ணும் அழகாகத்தான் இருக்கும். பிறகு தண்டை மாட்டினார். வேகத்தைக் குறைத்தார். அட்டையைப் படித்தார். இடது கை சிவப்புப் பொத்தானில். மூன்றாவது வரிக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

எண்பத்து நாலு மில்லிமீட்டர் தண்டு சுற்றிக்கொண்டிருக்க, டூல் நாற்பத்து நாலு மில்லிமீட்டர் விட்டத்தைத் தேடி நேராக இரும்புக்குள் போனது. பெரிய சத்தம். மரியதாஸ் அதே கணம் சிவப்பை அடித்துவிட்டார். அவர் கை அவ்வளவு வேகமாக இல்லாவிட்டால் சேதம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். டூல் முனை தூள். டூலைப் பிடிக்கும் தலைப்பகுதி அதன் இடத்திலிருந்து திரும்பிவிட்டது. கூலன்ட் மட்டும் சிறிது நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அடி இல்லை.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் நிர்வாக மேலாளர்.

"யாருய்யா நம்பர் போட்டது?"

"நான்தாங்க" என்றார் மரியதாஸ்.

"ஆபரேட்டர் தவறுன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுங்கம்மா. இவர இனிமே இதுல நிக்க வெக்க வேணாம்." போகும்போது திரும்பி, தனக்கே சொல்வது போல, "லேத்தும் போயாச்சு. இவருக்கு இங்க வேற என்ன வேலை இருக்கு?" என்றார்.

அதன் பிறகு ராமநாதன் சார் வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். உடைந்த டூலைக் குனிந்து பார்த்தார்.

"என்ன செய்ய நினைச்சீங்க மரியதாஸ்?"

"தண்டுகிட்ட வந்து நிக்கணும்னு நெனச்சேங்க. ரெண்டு மில்லி தள்ளி."

"மெஷின் என்ன செஞ்சுது?"

"உள்ள பூந்துடுச்சிங்க."

"ரெண்டுக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?"

மரியதாஸின் கண் ஒரு முறை மேலே போனது. என் அட்டையின் மேல் நின்றது. உடனே தரைக்கு வந்துவிட்டது. அரை நொடிதான் இருக்கும். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தாளில் இருக்கும் எண்ணை அப்படியே போடுங்கள். டிராயிங்கும் தாள்தானே. 42 என்று இருந்தது, அதை வைத்து 44 போட்டார். தன் கையை நம்பியிருந்தால் அந்த எண்ணைப் பார்த்ததுமே நின்று யோசித்திருப்பார். கையை நம்பாதே என்று எழுதி ஒட்டியவள் நான். எதை நம்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. முழு விட்டம் என்ற சொல்லே அந்த அட்டையில் கிடையாது.

நான் அப்போது வாய் திறக்கவில்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு மாதம்தான் பாக்கி என்பது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ராமநாதன் சார் என்னிடம், "நாளைக் காலையில ரிப்போர்ட் குடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடிகாரம் பையிலேயே இருந்தது.

இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்தது. பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றோம்.

"எழுதிடுங்க மேடம்" என்றார் மரியதாஸ். "நான் போட்ட நம்பர்தானே. நீங்க இப்பதான் வந்திருக்கீங்க."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணே."

"கையெழுத்து வேற, நம்பர் வேறங்க."

கலியபெருமாள் அதுவரை பேசாமல் நின்றதே அதிசயம். இப்போது ஆரம்பித்தார். "நல்லா இருக்குதுய்யா. ஒருத்தரு பத்து தடவ எழுதிகினு இருந்தாரு, ஒருத்தங்க பன்னெண்டு டிக் போட்டுகினு இருந்தாங்க. பையில வெர்னியர வெச்சிகினு ரெண்டு பேரும் பேப்பரப் பாத்துகினு இருந்தீங்க. நாப்பத்தி நாலுக்கு வெர்னியரத் தொறந்து அந்தத் தண்டு மேல வெச்சிப் பாத்தா நுழையுமா? எங்க வூட்டு மாடு சொல்லும், நுழையாதுன்னு."

மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அவர் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். வெர்னியர் என்ற அளவுகோலின் இரண்டு தாடைகளையும் அந்த எண்ணுக்குத் திறக்க வேண்டும். தண்டின் மேல் வைக்க வேண்டும். வெர்னியர் நுழையாத இடத்தில் டூலும் நுழையாது. என் பன்னிரண்டு வரியும் தாளைத் தாளோடு ஒத்துப் பார்த்தவை. ஒரு வரிகூட இரும்பைத் தொடவில்லை.

அன்று மாலை வீட்டில் அந்த ரிப்போர்ட்டை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றும் நீளமாக இருந்தன. டிராயிங் பழையது என்று ஒன்றில் எழுதியிருந்தேன். பயிற்சிக் காலம் போதவில்லை என்று ஒன்றில். எல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கிறவர் கடைசியில் மரியதாஸின் பெயருக்குத்தான் வந்து சேர்வார். நான்காவதில் இப்படி எழுதினேன்:

"டிராயிங்கில் இருந்தது நடுக்கோட்டிலிருந்து அளவு. புரோகிராமில் போட வேண்டியது முழு விட்டம். எண்ணை அப்படியே போடச் சொல்லி நான் ஒட்டிய அட்டையை ஆபரேட்டர் பின்பற்றினார். தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டது நான். என் பட்டியலில் எண்ணைத் தண்டோடு ஒத்துப் பார்க்கும் வரி இல்லை. காரணம்: பயிற்சியாளரின் தவறு."

அப்பா படித்துப் பார்த்தார். "கடைசி வரி வேணுமா?" என்றார். வேணும் என்றேன். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனார்.

காலையில் ராமநாதன் சார் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நேத்து நான் கேட்டப்பவே தெரிஞ்சுதா, இல்ல ராத்திரி யோசிச்சீங்களா?"

"நேத்தே தெரிஞ்சுது சார்."

"ம்." சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். ரிப்போர்ட்டைத் தானே மேலாளரிடம் எடுத்துக்கொண்டு போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. தெரிந்தது இரண்டு. எனக்குத் தகுதிகாண் காலம் இன்னும் ஓராண்டு நீட்டப்பட்டது. மரியதாஸுக்கு, இயந்திரம் சரியானதும் அதே தண்டில், அதே பள்ளத்துக்கு, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. பெங்களூர் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு மறுபடி தற்காலிகம் என்பது எனக்கு வலிக்கத்தான் செய்தது. கூடப் படித்தவள் அதே மாதம் பர்மனென்ட் ஆனாள்.

பெங்களூரிலிருந்து ஆள் வந்து இயந்திரத்தைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மரியதாஸ் பணிமனையில் இரும்புத் துகளைக் கூட்டினார், கிடங்கில் தண்டுகளை அடுக்கினார். மத்தியானம் சாப்பிட்டானதும் என்னிடம் வந்து உட்காருவார். பழைய டிராயிங்குகளை எடுத்துவைத்து, எது நடுக்கோட்டு அளவு, எது முழு விட்டம் என்று பிரிப்போம். கலியபெருமாள் ஊறுகாயை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். அந்த அட்டையை நான் கிழித்துவிட்டேன். புது அட்டையில் ஒரே வரி: "X என்றால் முழு விட்டம்." பட்டியலில் பதின்மூன்றாவது வரி சேர்ந்தது: "டூல் வேகமாக வந்து நிற்கும் எண்ணுக்கு வெர்னியரைத் திற. தண்டின் மேல் வை. நுழைகிறதா?"

"அதுக்குப் பக்கத்துல எம்பேர எழுதுங்க மேடம்" என்றார் கலியபெருமாள்.

"மாட்டோட பேரா, உங்க பேரா?" என்றார் மரியதாஸ். விபத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் கேலி அது.

அந்த நாள் வந்தது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றார். ராமநாதன் சார் அவர் பக்கத்தில் நின்றார். கடிகாரம் கையிலேயே இருந்தது. மரியதாஸ் தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். X88. பிறகு X76. பன்னிரண்டு வரிக்கும் டிக் போட்டேன். பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"கையெழுத்து, மேடம்?"

"வெர்னியர் எங்க அண்ணே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எண்பத்து எட்டுக்குத் திறந்து, திருகை இறுக்கி, தண்டின் மேல் வைத்தார். இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு நுழைந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, நான் வருவதற்காக ஒரு அடி நகர்ந்து நின்றார்.

நான் போய் அதை வாங்கி, அளவைப் படித்து, தண்டின் மேல் நானும் வைத்துப் பார்த்தேன். நுழைந்தது. அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.